இரண்டு கார்கள், இரண்டு கணக்குகள்



இந்த வாரம் அரசர்களும் இல்லை, போர்களும் இல்லை. இரண்டு கார்களின் வரலாறு. ஒன்று ஜெர்மனியின் போர்ஷே 959. மற்றது இத்தாலியின் ஃபெராரி எஃப்40. 1990களில் என்னிடம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. இடைவேளையில் வேப்பமரத்தடியில் ட்ரம்ப் கார்டு வைத்துக்கொண்டு "வேகம் எவ்வளவு, குதிரைத்திறன் எவ்வளவு" என்று சண்டை போட்டவர்கள்தானே நீங்கள்!

இதை எழுதத் தூண்டியவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் பொறியாளராக இருக்கிறான். மகளின் மேற்படிப்புக்கென்று பத்து ஆண்டுகளாகச் சேர்த்த பணம் அவன் கையில் இருக்கிறது. பெரிய விலைக் கார் ஒன்றை ஒரு நிறுவனம் வாங்கி, அதன் மதிப்பைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து விற்கும் முறை இப்போது வெளிநாடுகளில் வந்திருக்கிறது. அதில் போடலாமா என்று யோசிக்கிறான். "சார், எதுவா இருந்தாலும் வரலாறு பார்த்துட்டு முடிவு பண்ணுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. இந்த ரெண்டுல எதுங்க சார்?" என்று கேட்டான்.

கார் எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் கால் பங்கு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் ஏன் உண்டாயிற்று, அதன் விலை எப்போது ஏறிற்று, எப்போது இறங்கிற்று என்பது வரலாறு. அதைப் பார்க்கலாம்.

இந்த இரண்டு கார்களுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். 1982இல் மோட்டார் பந்தயங்களுக்கு 'குரூப் பி' என்றொரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்பும் நிறுவனம் அந்தக் காரில் குறைந்தது 200 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. மற்றபடி கட்டுப்பாடு குறைவு. எவ்வளவு திறன் வேண்டுமானாலும் ஏற்றலாம், எந்தப் புதுமையையும் செய்து பார்க்கலாம். பொறியாளர்களுக்குக் கட்டவிழ்த்து விட்ட மாதிரி ஆயிற்று.

போர்ஷே அப்போது ஒரு குழப்பத்தில் இருந்தது. 1963இல் காட்டப்பட்ட 911 என்ற மாடல் பழசாகிவிட்டது, அதை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகம் நினைத்திருந்தது. 1981இல் பீட்டர் ஷூட்ஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தலைமைப் பொறியாளர் ஹெல்முத் பாட்டின் அறைச் சுவரில் ஒரு திட்ட அட்டவணை இருந்தது. அதில் 911இன் கோடு மட்டும் 1981ஓடு நின்றிருந்தது. ஷூட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணையைத் தாண்டிச் சுவர் வரைக்கும் இழுத்துவிட்டார் என்பது போர்ஷே வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பின்பக்கம் எஞ்சின் வைத்த இந்தப் பழைய வடிவத்தை எவ்வளவு தூரம் வளர்க்க முடியும்? அதற்கான பரிசோதனைதான் 959. 1983 ஃப்ராங்க்பர்ட் கண்காட்சியில் அதன் முன்மாதிரியை வைத்தார்கள்.

அந்தக் காருக்குள் அவர்கள் வைக்காதது எது என்றுதான் கேட்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதைக் கணினி தீர்மானிக்கும். 2.85 லிட்டர் எஞ்சினில் இரண்டு டர்போ, ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். 450 குதிரைத்திறன். ஆறு கியர். வேகத்துக்கு ஏற்ப வண்டியின் உயரம் தானே மாறும். டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநருக்குத் தெரிவிக்கும். மணிக்கு 317 கி.மீ. வேகம் போகும் அந்த வண்டியிலேயே சாவகாசமாகக் கடைவீதிக்கும் போய் வரலாம். 1986 பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் 959 முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. ரெனே மெட்ஜ் முதலாவது, ஜாக்கி இக்ஸ் இரண்டாவது.

ஃபெராரியும் அதே குரூப் பி விதியை மனதில் வைத்து 1984இல் 288 ஜிடிஓ என்ற காரைச் செய்தது. அதைப் பந்தயத்துக்கென்று இன்னும் கூர்மைப்படுத்திச் சோதனை வண்டிகள் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்குள் 1986 வந்தது. மார்ச் மாதம் போர்ச்சுகலில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். மே மாதம் கோர்சிகா தீவில் ஹென்றி டோய்வோனென் என்ற ஓட்டுநரும் அவருடைய துணை ஓட்டுநரும் பள்ளத்தில் விழுந்து எரிந்த காரிலேயே மாண்டார்கள். அந்த ஆண்டோடு குரூப் பி ராலிப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள்.

எந்தப் பந்தயத்துக்காகப் பிறந்தனவோ அந்தப் பந்தயமே இல்லை. இப்போது என்ன செய்வது? இரண்டு நிறுவனங்களும் சாலைக்கு வந்தன, ஆனால் வேறு வேறு மனதோடு வந்தன.

போர்ஷே, தான் கண்டுபிடித்ததையெல்லாம் அப்படியே வைத்து 959ஐ விற்றது. விலை 4,20,000 மார்க். ஒரு காரைச் செய்ய அதைப் போல இரண்டு மடங்கு செலவாயிற்று என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. முன்னூறுக்கும் குறைவான வண்டிகளே விற்பனைக்குச் செய்தார்கள். நிறுவனத்துக்கு அது வியாபாரம் அல்ல, படிப்புச் செலவு. அந்தப் படிப்பு வீண்போகவில்லை. 1989இல் நான்கு சக்கர இயக்கத்தோடு 911 கரேரா 4 வந்தது. பின்னாளில் வந்த 911 டர்போக்களில் 959இன் குணம் தெரியும். டயர் காற்றழுத்தத்தைச் சொல்லும் கருவியோ இன்று நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக் காரிலேயே இருக்கிறது.

ஃபெராரி எதிர்த்திசையில் போனது. நிறுவனத்தின் 40ஆம் ஆண்டு நினைவாக 1987 ஜூலை 21 அன்று மாரனெல்லோவில் எஃப்40 திரை விலக்கப்பட்டது. நிறுவனர் என்ஸோ ஃபெராரிக்கு அப்போது 89 வயது. அவர் பார்த்துச் சம்மதித்த கடைசிக் கார் இதுதான் என்பார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று அவர் காலமானார். இந்தக் காரில் ரேடியோ இல்லை, தரை விரிப்பு இல்லை. உள்ளே இருந்து கதவைத் திறக்க ஒரு கயிறு. கெவ்லரும் கார்பன் நாரும் கலந்த உடல், எடை சுமார் 1,100 கிலோதான். 2.9 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு டர்போ, 478 குதிரைத்திறன், மணிக்கு 324 கி.மீ. கணினி உதவி என்று எதுவும் கிடையாது. தவறு செய்தால் ஓட்டுபவன் பாடு.

வகுப்பில் சொல்வது போலச் சொன்னால், போர்ஷே ஓட்டுநரைக் காப்பாற்றப் பார்த்தது. ஃபெராரி ஓட்டுநரைப் பரீட்சைக்கு உட்கார வைத்தது.

இனி விலைக்கு வருவோம். என் மாணவன் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. பங்கை நம்பியவர்கள் பயந்து, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களைத் தேடினார்கள். ஓவியம், நகை, பழைய கார். அடுத்த மாதமே லண்டனில் ஒரு புகாட்டி ரோயால் கார் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. என்ஸோ ஃபெராரி மறைந்ததும் "இனி இப்படிப்பட்ட கார்கள் வராது" என்ற எண்ணம் பரவிற்று. ஜப்பானிலும் பணம் வழிந்து ஓடிய காலம் அது. 1960களில் வெறும் 36 வண்டிகள் செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓவில் ஒன்று 1990 தொடக்கத்தில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

எஃப்40க்கு அமெரிக்காவில் நிறுவனம் வைத்த விலை சுமார் 4 லட்சம் டாலர். ஆனால் முன்பதிவுச் சீட்டே கைமாறிக் கைமாறி விலை ஏறியது. மனை வாங்காமலே அட்வான்ஸ் ரசீதை மட்டும் விற்று லாபம் பார்த்தவர்களை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறோம், அதே கதைதான். பந்தய வீரர் நைஜல் மான்செலின் எஃப்40 1990இல் 10 லட்சம் பவுண்டுக்கு விற்றது.

பிறகு என்ன? ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் சரிந்தது. பிரிட்டனில் வட்டி விகிதம் 15 சதவீத அளவில் நின்றது. கடன் வாங்கிக் கார் வாங்கி வைத்தவர்களுக்கு வட்டி கழுத்தை நெரித்தது. எல்லாரும் விற்க வந்தபோது வாங்க ஆளில்லை. சில ஆண்டுகளில் 250 ஜிடிஓவே 30 லட்சம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது. எஃப்40 நிறுவனம் வைத்த விலைக்கும் கீழே போனது. இன்னொன்றையும் கவனியுங்கள். எஃப்40ஐ முதலில் 400 வண்டிகள்தான் செய்வதாகத் திட்டம். கேட்பவர் கூட்டம் பெருகியதும் 1992 வரை 1,300க்கும் மேல் செய்தார்கள். "அரிய பொருள்" என்று நம்பி வாங்கியவனுக்கு அந்த அரிய தன்மை தன் கையில் இல்லை, விற்பவன் கையில் இருந்தது.

அப்புறம் காலம் திரும்பியது. 2018இல் ஒரு 250 ஜிடிஓ 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எஃப்40 இப்போது 20 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 959 பத்து லட்சம் டாலருக்கு மேல் போகிறது, ஆனால் பொதுவாக எஃப்40ஐ எட்டுவதில்லை. எண்ணிக்கையில் 959தான் மிகக் குறைவு. தொழில்நுட்பத்தில் உலகத்துக்கு அதிகம் கொடுத்ததும் அதுதான். ஆனாலும் விலையில் எஃப்40 மேலே நிற்கிறது. பயன் வேறு, அருமை வேறு, ஆசை வேறு. சந்தை ஆசைக்குத்தான் விலை போடுகிறது. 1987இல் படுக்கைக்கு மேலே எஃப்40 படத்தை ஒட்டி வைத்திருந்த பையன்கள் இன்று ஐம்பது வயதில் கையில் பணத்தோடு இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வளராத தலைமுறைக்கும் இதே ஆசை இருக்குமா? அதை எந்த ஏல நிறுவனமும் எழுதிக் கொடுக்காது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சிலேட்டை எடுங்கள்.

1990இல் 10 லட்சம் பவுண்டு கொடுத்தவரின் கார் இன்று 20 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 35 ஆண்டில் இரண்டு மடங்கு. 72ஐ 35ஆல் வகுங்கள். ஆண்டுக்கு இரண்டு சதவீதம்! அதிலும் காப்பீடு, கொட்டகை வாடகை, பராமரிப்பு எல்லாம் கழிக்க வேண்டும். நிறுவனத்திடமே 4 லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்தவருக்கு இன்று 24 லட்சம் என்றால் ஆறு மடங்கு. ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். 1990இல் அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரமே ஆண்டுக்கு எட்டு சதவீத அளவில் வட்டி கொடுத்தது. உண்மையில் நல்ல லாபம் பார்த்தவர், 1990களின் நடுவில் எல்லாரும் பயந்து ஓடியபோது வாங்கியவர். ஆகவே எந்தக் கார் என்பதைவிட எந்த ஆண்டு என்பதே கேள்வி. எல்லாரும் "ஏறுகிறது, ஏறுகிறது" என்று சொல்லும் ஆண்டு வாங்குவதற்கு உரிய ஆண்டாக இருந்ததில்லை. ஈமு கோழிக் காலத்தை நம் கொங்குப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது மோசடி அல்ல, அது வேறு. ஆனால் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு இறங்கும் மனசு ஒன்றுதான்.

அடுத்தது கார் என்ற பொருளின் குணம். தங்கத்தைப் பீரோவில் வைத்தால் அப்படியே இருக்கும். கார் அப்படி இராது. ஓடாமல் நின்றால் ரப்பர் காய்ந்துபோகும், எண்ணெய் கசியும், டயர் இறுகும். எஃப்40இன் எரிபொருள் தொட்டி பந்தயக் காரைப் போல ரப்பர் பை வடிவிலானது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றியாக வேண்டும். எஞ்சினின் டைமிங் பெல்ட்டும் அப்படியே. 959இன் சஸ்பென்ஷனும் மின்னணுப் பாகங்களும் பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது கடினம், வேலை தெரிந்தவரும் சிலர்தான். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஓட்டினால் மீட்டரில் கிலோமீட்டர் ஏறி விலை இறங்கும். ஓட்டாவிட்டால் கார் கெடும். முதலீட்டுக்காரன் கார் நிற்க வேண்டும், ஓட்டுகிறவன் கார் ஓட வேண்டும். ஒரே கார் இருவருக்கும் முழுமனதோடு உழைக்காது.

பிரிட்டன் நாட்டு வரிச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கார் விற்ற லாபத்துக்கு அங்கே பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. முதலீட்டுக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். காரணம் என்ன தெரியுமா? சட்டத்தின் கண்ணில் கார் என்பது 'தேய்ந்து அழியும் சொத்து'. கறாரான வரித்துறையே இதைத் தேய்மானச் சொத்து என்றுதான் எழுதி வைத்திருக்கிறது.

நிற்கிற காருக்கு உலகம் அறிந்த உதாரணம் பில் கேட்ஸின் 959. அமெரிக்காவில் ஒரு காரை விற்க வேண்டுமானால் மோதல் சோதனைக்குச் சில வண்டிகளைக் கொடுத்து நொறுக்க வேண்டும். செய்வதே சில நூறு வண்டி, அதில் நொறுக்குவதற்கு போர்ஷே உடன்படவில்லை. அதனால் அவர் 1988 வாக்கில் தருவித்த கார் சுங்கக் கிடங்கிலேயே பத்தாண்டுக்கும் மேல் கிடந்தது. கடைசியில் 1998இல் சட்டத்தையே திருத்தி, வரலாற்று மதிப்புள்ள இத்தகைய கார்களுக்கு வழிசெய்தார்கள். ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு! உலகின் பெரும் பணக்காரர் அவர். காரின் விலை ஏறினதா, இறங்கினதா என்பது அவருக்குப் பொருட்டல்ல. ஓட்ட வேண்டும் என்று நினைத்தவருக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வருமா?

1990இல் விலை சரிந்தபோது யாருக்கு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள். விற்பதற்காக வாங்கியவனுக்குத்தான் நட்டம். ஓட்டுவதற்காகச் சொந்தப் பணத்தில் வாங்கியவனுக்கு அன்று காலையும் அந்தக் கார் அதே கார்தான். சாவியைத் திருப்பினால் அதே சத்தம். விலை விழுந்தாலும் அவன் கையில் ஒன்று மிச்சம் இருந்தது.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது.

ஓட்டுவதற்கு என்றால் போர்ஷே 959. மழையிலும் பனியிலும் ஓட்டலாம். மனித மூளை ஒரு பழைய வடிவத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதை உட்கார்ந்தே உணரலாம். விலை ஏறுவது மட்டும் குறி என்றால், இதுவரையான வரலாறு எஃப்40 பக்கம் நிற்கிறது. இது முடிந்த காலத்துக்கான தீர்ப்பு, வரப்போகும் காலத்துக்கு ஜாதகம் அல்ல.

ஆனால் உனக்கு முன்னால் இருப்பது இந்த இரண்டில் எதுவும் இல்லை. காரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை நீ ஓட்ட முடியாது, சாவி உன்னிடம் இராது. எப்போது விற்பது என்பது பெரும்பாலும் உன் கையில் இல்லை. பராமரிப்புச் செலவும் கமிஷனும் போகத்தான் உனக்கு வரும். விலை விழுந்தால், ஓட்டினோம் என்ற மிச்சம்கூட இல்லை. ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கும் சந்தோஷமும் இல்லாமல், முதலாளிக்கு இருக்கும் அதிகாரமும் இல்லாமல், நட்டத்தில் மட்டும் பங்கு எதற்கு? அதுவும் இது உன் பணம் அல்ல, பாப்பாவின் கல்லூரிப் பணம். தேதி குறித்த செலவுக்கு உரிய பணத்தைத் தேதி தெரியாத சந்தையில் போடாதே. 1990இல் போட்டவர் தன் பணத்தை மறுபடி பார்க்க எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று மேலே பார்த்தோம். பதினெட்டு வயதுப் பெண் அத்தனை ஆண்டு கல்லூரிக்காகக் காத்திருக்க முடியாது.

நீ இருக்கும் ஊருக்கு அருகிலேயே சூஃபன்ஹவுசனில் போர்ஷே அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு எடுத்துப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. குரூப் பி கதையைச் சொல்லு, சுவர் வரைக்கும் நீண்ட அந்தக் கோட்டின் கதையையும் சொல்லு.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். காரோ, மனையோ, நகையோ, "கட்டாயம் ஏறும்" என்று யாரோ சொல்லி நீங்கள் வாங்கியதும் வாங்காமல் விட்டதும் பிறருக்குப் பாடமாகும். அடுத்த வாரம் காவிரிக் கால்வாய்களுக்குத் திரும்புவோம்.

நலம் வாழ்க.